பெர்லின்: காலி மனைகளின் நகரம்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்கள் அண்ணன் 2006ல் வேலை நிமித்தமாக ஆறு மாதம் பெர்லினில் இருந்தார். அவர் சொன்ன கதைகளைக் கேட்டே உங்களுக்கு அந்த ஊர்மேல் ஆசை வந்தது. இப்போது மனைவியோடும் பத்து வயது மகளோடும் மே மாதத்தில் ஐந்து நாள் போகத் திட்டம். ஆனால் அண்மையில் போய் வந்தவர்கள் எல்லோரும் "பெர்லின் முன்ன மாதிரி இல்லை" என்கிறார்கள். போகலாமா, போனால் எங்கெங்கே போவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போங்கள். ஆனால் அண்ணன் பார்த்த பெர்லினைத் தேடிக்கொண்டு போகாதீர்கள். அந்த பெர்லின் எப்படி உண்டானது, எதனால் கரைந்தது என்று தெரிந்துகொண்டு போங்கள். நான் 2004 முதல் அங்கே வசிக்கிறேன். அந்த ஊரை எனக்கு மிகவும் பிடிக்கும். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் அந்த "முன்ன மாதிரி இல்லை". நான் வந்து இறங்கிய வருடமே இதை என்னிடம் சொன்னார்கள். சொன்னவர் 1991ல் வந்தவர். அவர் வந்தபோது, சுவர் இருந்த காலத்து மேற்கு பெர்லின்காரர்கள் அவரிடம் இதையே சொன்னார்களாம். எல்லோருமே உண்மையைத்தான் சொன்னார்கள். ஒவ்வொருவரும் இழந்த ஊர் வேறு வேறு. ஆனால் அவர்கள் எல்லோரும் ஏங்கியதை ஒரே சொல்லில் சொல்லலாம்: காலி இடம். பெர்லின்காரர்கள் அதை ப்ராஹே என்பார்கள். நம் பேச்சில் காலி மனை, பொட்டல்.

1939ல் பெர்லினில் 43 லட்சம் பேர் இருந்தார்கள். இன்றுவரை ஊர் அந்த எண்ணிக்கையைத் திரும்ப எட்டவில்லை. குண்டுவீச்சில் தெருத் தெருவாக வீடுகள் போயின. பிறகு, கிழக்கும் மேற்குமாகப் பிரிந்திருந்த ஊரில் 1961 ஆகஸ்ட் 13 அன்று கிழக்கு ஜெர்மனியின் சுவர் எழும்பத் தொடங்கியது. மேற்கு பெர்லினைச் சுற்றி ஏறத்தாழ 155 கிலோமீட்டர். சுவர் என்றால் ஒற்றைச் சுவர் இல்லை. முன் சுவர், பின் சுவர், நடுவே விளக்கும் காவல் கோபுரமும் வைத்த வெற்று மணல் பட்டை. அந்தப் பட்டைக்காக ஊரின் நடுமையத்திலேயே கட்டடங்களை இடித்துத் தள்ளினார்கள். போருக்கு முன் ஐரோப்பாவிலேயே நெரிசலான சந்திப்புகளில் ஒன்றான போட்ஸ்டாமர் பிளாட்ஸ், முயல்கள் மேயும் பொட்டலாகிப் போனது.

சுவருக்குள் தீவாகிப்போன மேற்கு பெர்லினிலிருந்து தொழிற்சாலைகளும் பணமுள்ளவர்களும் வெளியேறினார்கள். அரசாங்க மானியத்தில் ஊர் ஓடியது. அங்கே குடியிருந்தால் மேற்கு ஜெர்மனியின் கட்டாய ராணுவ சேவை கிடையாது என்பதால் இளைஞர்கள் வந்து சேர்ந்தார்கள். சுவரை ஒட்டிய க்ராய்ட்ஸ்பெர்க்கில் வேறு யாரும் குடிவர விரும்பாத வீடுகளில் துருக்கியிலிருந்து வந்த தொழிலாளர்கள் குடியேறினார்கள். 1961ல் துருக்கியோடு ஜெர்மனி போட்ட ஒப்பந்தத்தின்படி வந்தவர்கள் அவர்கள். பின்னாளில் ஊரின் அடையாளமாகிவிட்ட க்ராய்ட்ஸ்பெர்க் இப்படித்தான் உருவானது. மலிவான வாடகை, பாழடைந்த வீடு, யாருக்கும் வேண்டாத மூலை.

1989 நவம்பர் 9 அன்று சுவர் திறந்தது. கிழக்கு பெர்லினின் பழைய வட்டாரங்களில் ஆயிரக்கணக்கான வீடுகள் பூட்டிக் கிடந்தன. யாருக்குச் சொந்தம் என்று கேட்டால் பதில் சொல்லவே பல வருடங்கள் பிடிக்கும். யூதக் குடும்பங்களிடமிருந்து நாஜிகள் பறித்தது, பிறகு கிழக்கு ஜெர்மன் அரசு எடுத்துக்கொண்டது, இப்போது யாருடையது? வழக்குகள் முடியும்வரை கேட்பார் இல்லை. அந்த இடைவெளிக்குள்தான் கலைஞர்களும் இசைக்காரர்களும் புகுந்தார்கள். நல்ல உதாரணம் வெர்ட்ஹைம். ஒரு யூதக் குடும்பம் நடத்திய மிகப் பெரிய வணிக மாளிகை அது. நாஜிகள் பறித்தார்கள், போர் அழித்தது. ஆனால் தரைக்கடியில் அதன் பெட்டக அறை மட்டும் துருப்பிடித்த லாக்கர்களோடு அப்படியே கிடந்தது. 1991ல் சிலர் அதைக் கண்டுபிடித்து, உள்ளே டெக்னோ என்ற மின்னணு நடன இசைக்கு ஒரு கிளப் திறந்தார்கள். பெயரும் ட்ரெசோர், அதாவது பெட்டகம். உலகம் முழுக்கப் பேசப்பட்ட பெர்லின் இரவுகள் அந்த மாதிரிக் குழிகளிலிருந்து வந்தவை. வெர்ட்ஹைம் நின்ற மனையில் இன்று பெரிய ஷாப்பிங் மால் இருக்கிறது. ட்ரெசோர் 2007 முதல் ஒரு பழைய மின் நிலையத்தில் நடக்கிறது. 2024ல் பெர்லினின் டெக்னோ பண்பாட்டை ஜெர்மனி தன் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. அதே வருடக் கடைசியோடு, ஷ்ப்ரே ஆற்றங்கரையில் இருபது வருடங்களுக்கு மேல் நடந்த வாட்டர்கேட் கிளப் மூடப்பட்டது.

உங்கள் அண்ணன் பார்த்தது இந்தக் காலத்தின் கடைசிப் பகுதியை. எனக்கும் அது கிடைத்தது. 2004ல் நொய்க்கோல்ன் வட்டாரத்தில் நான் எடுத்த இரண்டு அறை வீட்டுக்கு வாடகை 300 யூரோகூட இல்லை. சூடேற்ற ஓடு பதித்த கரி அடுப்பு. நிலவறையிலிருந்து பழுப்பு நிலக்கரிக் கட்டிகளை வாளியில் சுமந்து நான்கு மாடி ஏற வேண்டும். நவம்பர் வந்தால் தெருவெல்லாம் அந்தக் கரிப்புகை வாசம் அடிக்கும். வேலை கிடைப்பதுதான் கஷ்டம். அன்றைய மேயர் க்ளாவுஸ் வோவராய்ட் ஊரைப் பற்றி "ஏழை, ஆனால் கவர்ச்சியானது" என்று சொன்ன வாசகம் அப்போது எல்லார் வாயிலும் இருந்தது. ஏழை என்பதும் நிஜம். சுவர் போன பிறகு கிழக்கின் ஆலைகளும் மானியத்தில் ஓடிய மேற்கின் ஆலைகளும் அடுத்தடுத்து மூடின. தொண்ணூறுகளின் பிற்பாதியில் மக்கள்தொகைகூடக் குறைந்தது. நாங்கள் அனுபவித்த மலிவு வாடகைக்குப் பின்னால் வேலையிழந்த லட்சக்கணக்கானவர்கள் இருந்தார்கள். பழைய பெர்லினுக்காக ஏங்குபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

சரி, அது எப்படி மாறியது? வெளியூர்க்காரர்கள் வந்து கெடுத்தார்கள் என்று எளிதாகச் சொல்வார்கள். நான் கணக்கைப் பார்க்கச் சொல்வேன். கடனில் மூழ்கிய நகர அரசு தன் வீடுகளை விற்றது. 2004ல் மட்டும் ஒரு பொதுத்துறை வீட்டு நிறுவனத்தை, அதன் 65,000 வீடுகளோடு, 40.5 கோடி யூரோவுக்கு முதலீட்டு நிறுவனங்களிடம் கொடுத்தது. வீட்டுக்குச் சராசரி 6,200 யூரோ. பிறகு 2008 நிதி நெருக்கடி வந்தது. வட்டி விழுந்தது. உலகத்தில் பணம் வைத்திருந்தவர்கள் எல்லாம் பத்திரமான இடம் தேடினார்கள். ஐரோப்பாவின் மிகப் பெரிய பொருளாதாரத்தின் தலைநகரில், பாரிஸோடும் லண்டனோடும் ஒப்பிட்டால் சல்லிசாக வீடுகள் கிடைத்தன. புது நிறுவனங்கள் வந்தன, நல்ல சம்பளம் வாங்கும் இளைஞர்கள் வந்தார்கள். வாடகை ஏறியது, நிற்கவே இல்லை. 2021ல் நகர அரசே விழித்துக்கொண்டு சுமார் 14,750 வீடுகளைத் தனியாரிடமிருந்து வாங்கியது. விலை சுமார் 246 கோடி யூரோ. வீட்டுக்கு ஒன்றரை லட்சம் யூரோவுக்கும் மேல். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெர்லினின் இருபது வருடக் கதை அதற்குள் அடங்கிவிடும்.

பெர்லினில் பெரும்பாலோர் வாடகைக்குக் குடியிருப்பவர்கள். அதனால் இது அங்கே எல்லா வீட்டுச் சமையலறையிலும் பேசப்படும் விஷயம். 2020 பிப்ரவரியில் நகர அரசு வாடகைக்கு உச்சவரம்பு கொண்டுவந்தது. பல லட்சம் பேருக்கு வாடகை குறைந்தது. 2021 ஏப்ரலில் அரசியல் சாசன நீதிமன்றம், அப்படிச் சட்டம் போட, நகரமே ஒரு மாநிலமான பெர்லினுக்கு அதிகாரம் இல்லை என்று ரத்து செய்தது. குறைத்துக் கொடுத்த தொகையைப் பலர் திருப்பிக் கட்ட வேண்டி வந்தது. அதே வருடம் செப்டம்பரில், 3,000 வீடுகளுக்கு மேல் வைத்திருக்கும் நிறுவனங்களின் வீடுகளைப் பொதுவுடைமையாக்க வேண்டுமா என்று வாக்கெடுப்பு நடந்தது. 59 சதவீதத்துக்கும் மேல் ஆம் என்றார்கள். அந்த வாக்கெடுப்பு அரசைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது என்பதால் வீடுகள் கைமாறவில்லை. என் வீடும் ஒருநாள் கைமாறியது. புது உரிமையாளர் தன் சொந்தத் தேவைக்கு வேண்டும் என்றார். பன்னிரண்டு வருடம் இருந்த வீட்டை விட்டு, கிழக்கே லிஷ்டன்பெர்க்கில் கம்யூனிஸ்ட் காலத்து அடுக்குமாடி ஒன்றுக்குப் போனேன். இப்போது அங்கேதான் இருக்கிறேன்.

பெர்லின் மாறியதைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு எல்லாவற்றையும் விட ஒரு சுவர்தான் அதை அழுத்தமாகச் சொன்னது. க்ராய்ட்ஸ்பெர்க்கில் கூவ்ரி ஸ்ட்ராஸே என்ற தெரு. ஸ்ட்ராஸே என்றால் தெரு, அடிக்கடி வரும், நினைவில் வையுங்கள். அங்கே ஆற்றங்கரையோரம் ஒரு காலி மனை. அதை ஒட்டிய கட்டடங்களின் மொட்டைச் சுவர்களில் ப்ளூ என்ற இத்தாலியக் கலைஞர் 2007, 2008 வாக்கில் இரண்டு பிரமாண்ட ஓவியங்கள் தீட்டினார். ஒன்றில் தலையில்லாத மனிதன் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டிருப்பான். இரண்டு மணிக்கட்டிலும் தங்கக் கடிகாரம். இரண்டையும் ஒரு சங்கிலி இணைக்கும். கைவிலங்கு. பெர்லினுக்கு வந்தவர்கள் எல்லாம் அங்கே படம் எடுத்துக்கொண்டார்கள். பயணக் கையேடுகளில் வந்தது. பிறகு அந்த மனையில் கட்டடம் எழுப்பத் திட்டம் வந்தது. 2014 டிசம்பரில் ஒரு இரவு, கலைஞரின் சம்மதத்தோடு அவர் ஆட்களே வந்து இரண்டு ஓவியங்களையும் கறுப்புச் சாயத்தால் மூடிவிட்டார்கள். ஓவியத்தைக் காட்டி மனையின் விலையை ஏற்றுவதற்குத் தங்கள் கை உதவக்கூடாது என்பது அவர்கள் எண்ணம். மறுநாள் காலை நான் போய்ப் பார்த்தேன். கறுப்புச் சுவருக்கு முன்னால் ஆட்கள் பேசாமல் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு வயதான அம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டார், குளிரினாலா அழுதாரா தெரியவில்லை. இப்போது அந்த மனையில் அலுவலகக் கட்டடம் நிற்கிறது. கலைஞர்களால்தான் ஒரு வட்டாரம் பேர் பெறுகிறது, பேர் பெற்ற பிறகு கலைஞர்களால் அங்கே வாடகை கொடுக்க முடியாமல் போகிறது. அந்தச் சுழலுக்கு அவர்கள் சொன்ன பதில் அந்தக் கறுப்புச் சாயம்.

ஆகவே ஐந்து நாளுக்கு என் யோசனை இது. கட்டி முடித்தவற்றை வேகமாகப் பாருங்கள், காலியாக விட்டவற்றை நிதானமாகப் பாருங்கள்.

கட்டி முடித்தவற்றுக்கு ஒரு நாள் போதும். ஸூ நிலையத்தில் 100ஆம் எண் பஸ்ஸில் ஏறி மேல் தளத்தின் முன் இருக்கையில் மகளை உட்கார வையுங்கள். பூங்கா, நாடாளுமன்றம், பிராண்டன்பர்க் வாசல் எல்லாம் வழியிலேயே வரும். நாடாளுமன்றக் கூரையில் உள்ள கண்ணாடிக் கோபுரத்துக்குக் கட்டணம் இல்லை. ஆனால் முன்கூட்டியே இணையத்தில் பெயர் பதிந்து, பாஸ்போர்ட்டோடு போக வேண்டும். மே மாதத்துக்கு இப்போதே பதியுங்கள். பக்கத்திலேயே 2,711 கான்கிரீட் பாளங்கள் நிற்கும் யூதப் படுகொலை நினைவிடம். நடுவில் போகப் போகப் பாளங்கள் தலைக்கு மேலே உயரும், தரை சரியும், ஊர்ச் சத்தம் அடங்கிவிடும். மகளுக்கு முந்தின நாள் இரவே என்னவென்று சொல்லிக் கூட்டிப் போங்கள். பத்து வயதில் புரியும்.

அருங்காட்சியகத் தீவில் ஒரு எச்சரிக்கை. பெர்கமோன் அருங்காட்சியகம் 2023 அக்டோபரிலிருந்து பழுதுபார்ப்புக்காக முழுவதும் மூடியிருக்கிறது. ஒரு பகுதியை 2027ல் திறப்பதாகத் திட்டம். பாபிலோனின் இஷ்தார் வாசல் இருக்கும் தெற்குப் பக்கம் 2037 வரை ஆகுமாம். உங்கள் அண்ணன் அதைப் பார்த்திருப்பார். உங்களுக்குப் பக்கத்துக் கட்டடத்தில் எகிப்திய ராணி நெஃபர்டிட்டியின் சிலை இருக்கிறது, அதைப் பாருங்கள்.

தீவின் முன்னால் ஒரு பெரிய அரண்மனை தெரியும். பழையது போலத் தோன்றும். உண்மையில் 2020ல்தான் கட்டி முடித்தார்கள். அசல் அரண்மனையை, போரில் சிதைந்ததைக் காரணம் காட்டி, 1950ல் கிழக்கு ஜெர்மன் அரசு வெடிவைத்துத் தகர்த்தது. அதே இடத்தில் 1976ல் குடியரசு மாளிகை என்று ஒன்றைக் கட்டினார்கள். நாடாளுமன்றம் மட்டுமல்ல, உணவகம், பந்து உருட்டும் கூடம், கச்சேரி அரங்கு எல்லாம் உள்ளே. கிழக்கு பெர்லின்காரர்களின் கல்யாண விருந்தும் பிறந்தநாளும் நடந்த இடம். ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது என்று 1990ல், நாடு ஒன்றிணைவதற்குச் சற்று முன், அதை மூடினார்கள். ஒன்றிணைந்த ஜெர்மனி 2006 தொடங்கி 2008க்குள் இடித்துவிட்டது. அண்ணன் இருந்த வருடம் பாதி இடித்த எலும்புக்கூடாக நின்றிருக்கும். பிறகு மூன்று பக்கம் பழைய பரோக் முகப்பை நகலெடுத்து, நாலாவது பக்கம் புதுமுறையில் விட்டு, ஹும்போல்ட் ஃபோரம் என்ற அருங்காட்சியகத்தை எழுப்பினார்கள். எனக்கு அந்தக் கட்டடம் பிடிக்கவில்லை. ஒரு தலைமுறையின் நினைவை இடித்துவிட்டு, யாருடைய நினைவிலும் இல்லாத ஒன்றைக் கொண்டுவந்து வைத்தது போல இருக்கிறது. என் அடுக்குமாடியில் கீழ் வீட்டுப் பாட்டி அந்தப் பக்கம் இதுவரை போகவே இல்லை என்கிறார். முற்றத்துக்குக் கட்டணம் இல்லை. ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்துவிடலாம்.

செக்பாயின்ட் சார்லி என்ற பழைய எல்லைச் சாவடியை விட்டுவிடுங்கள். நகல் காவல் குடிலும் தொப்பிக் கடைகளும்தான் மிச்சம். சுவரைப் பார்க்க வேண்டுமென்றால் பெர்னாவர் ஸ்ட்ராஸேவுக்குப் போங்கள். அரை நாள் ஒதுக்குங்கள். கட்டணம் இல்லை.

அந்தத் தெருவில் எல்லைக்கோடு வீட்டு வாசலோடு ஓடியது. வீடு கிழக்கில், வாசலுக்கு முன்னால் இருக்கும் நடைபாதை மேற்கில். 1961 ஆகஸ்ட்டில் முதலில் கதவுகளை அடைத்தார்கள். ஆட்கள் ஜன்னலிலிருந்து குதித்தார்கள், கீழே மேற்குத் தீயணைப்பு வீரர்கள் துணி விரித்துப் பிடித்தார்கள். பிறகு ஜன்னல்களைச் செங்கல் வைத்து மூடினார்கள். பிறகு வீடுகளையே இடித்தார்கள். 1964ல் அந்தத் தெருவுக்கு அடியில் மாணவர்கள் தோண்டிய சுரங்கம் வழியாக 57 பேர் தப்பினார்கள். சுவர்களுக்கு நடுவில் சிக்கிப் பல வருடங்கள் பூட்டிக் கிடந்த சமரச தேவாலயத்தை 1985 ஜனவரியில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். சுவர் விழ ஐந்து வருடம்கூட இல்லை. இன்று அதே இடத்தில் மண்ணைக் குத்தி இறுக்கிக் கட்டிய சிறிய ஜெபக்கூடம் இருக்கிறது. பழைய தேவாலயத்தின் உடைந்த கற்களையும் அந்த மண்ணோடு கலந்திருக்கிறார்கள். அதைச் சுற்றி, துப்பாக்கியோடு காவலர் நடந்த நிலத்தில், ரை என்ற, கோதுமை போன்ற தானியம் விதைக்கிறார்கள். மே மாதத்தில் பயிர் பச்சையாக இடுப்பு உயரத்துக்கு நிற்கும். எதிரே உள்ள கோபுரத்தில் ஏறினால், இரண்டு சுவரும் நடுப்பட்டையும் இருந்தபடியே விட்டுவைத்த ஒரு துண்டை மேலிருந்து பார்க்கலாம். அந்த இடத்தை நிரப்பாமல் வைத்திருப்பதற்கு அந்த வட்டாரத்தவர்கள் பல வருடம் வாதாட வேண்டியிருந்தது. மனை விலை ஏறிய ஊரில் காலியாக வைத்திருப்பதற்குத்தான் அதிக உழைப்பு வேண்டும்.

அப்புறம் டெம்பல்ஹோஃப். ஐந்து நாளில் ஒரே இடம்தான் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஊருக்கு நடுவில் விமான நிலையம். 1948 ஜூனில் சோவியத் படை மேற்கு பெர்லினுக்கான சாலை, ரயில், நீர்வழி எல்லாவற்றையும் அடைத்தபோது, ஏறத்தாழ ஒரு வருடம் இருபது லட்சம் பேருக்கு உணவும் கரியும் விமானத்தில் வந்தன. அதில் ஒரு பெரிய பங்கு இங்கே இறங்கியது. அமெரிக்க விமானி கெயில் ஹால்வர்சன், வேலியோரம் நின்ற குழந்தைகளுக்காகக் கைக்குட்டையில் சின்ன பாராசூட் செய்து சாக்லெட் கட்டி வானத்திலிருந்து போட்டார். மற்ற விமானிகளும் சேர்ந்துகொண்டார்கள். மகளுக்கு இந்தக் கதையைச் சொல்லிக் கூட்டிப் போங்கள். 2008 அக்டோபரில் நிலையம் மூடப்பட்டது, 2010 மே மாதம் களம் பொதுமக்களுக்குத் திறந்தது. 300 ஹெக்டேர். ஓடுபாதை அப்படியே இருக்கிறது. அதன்மேல் சைக்கிள் ஓட்டுகிறார்கள், சக்கரச் சறுக்கு விடுகிறார்கள், பட்டம் விடுகிறார்கள். புல்வெளியில் வானம்பாடிகள் தரையில் கூடு கட்டுகின்றன, அந்தப் பகுதிக்கு மட்டும் வேலி.

நகர அரசு இதன் ஓரங்களில் வீடுகளும் ஒரு பெரிய நூலகமும் கட்டத் திட்டமிட்டது. 2014 மே 25 அன்று வாக்கெடுப்பு. 64 சதவீதம் பேர் ஒன்றுமே கட்டக்கூடாது என்றார்கள். களம் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. வீட்டுப் பஞ்சம் உள்ள ஊரில் இவ்வளவு நிலத்தைச் சும்மா விடுவது நியாயமா என்று இன்றும் சண்டை நடக்கிறது. கேள்வி நியாயமானதுதான். வீட்டை விட்டுக் கிளப்பப்பட்டவன் நான், எனக்கும் அது உறைக்கும். ஆனாலும் அன்று குடியுரிமை இருந்திருந்தால் நானும் கட்டக்கூடாது என்றே வாக்களித்திருப்பேன். போரிலும் சுவராலும் தற்செயலாகக் கிடைத்த காலி இடங்களையெல்லாம் இழந்துவிட்ட ஊர், ஒன்றையாவது தானாக விரும்பி வைத்துக்கொண்டது. நொய்க்கோல்ன் பக்கத்து வாசல் வழியாக, லைனஸ்ட்ராஸே நிலையத்தில் இறங்கி, மாலை ஆறு மணிக்குப் போங்கள். மே மாதத்தில் ஒன்பது மணிவரை வெளிச்சம் இருக்கும். வாசலை இருட்டியதும் பூட்டுவார்கள். துருக்கிக் குடும்பங்கள் கரி அடுப்பு மூட்டி இறைச்சி வாட்டும், சிரியாவிலிருந்து வந்த பையன்கள் பந்து விளையாடுவார்கள். அண்ணன் சொன்ன ஊர் அங்கே இன்னும் இருக்கிறது.

நடைமுறைக் குறிப்புகள் சில. புது விமான நிலையம் பஸ், ரயில் கட்டணக் கணக்கில் சி மண்டலத்தில் இருக்கிறது. ஏ, பி, சி மூன்று மண்டலத்துக்கும் சேர்த்த ஏபிசி டிக்கெட் எடுங்கள். ரயில் நிலையங்களில் தடுப்பு வாசல் கிடையாது, ஆனால் சாதாரண உடையில் பரிசோதகர் வருவார். தாள் டிக்கெட்டை நடைமேடைப் பெட்டியில் முத்திரை குத்தாமல் ஏறினால் அபராதம். ஞாயிறு கடைகள் மூடியிருக்கும், பாலும் ரொட்டியும் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். சிறு கடைகளில் ரொக்கம் மட்டும் என்று எழுதி வைத்திருப்பார்கள். காலி பாட்டிலைக் குப்பைத் தொட்டிக்குள் போடாமல் பக்கத்தில் வையுங்கள். பொறுக்கிக் கடையில் கொடுப்பவருக்கு பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் கிடைக்கும். அந்த வருமானத்தை நம்பியிருக்கும் ஓய்வூதியக்காரர்கள் அங்கே நிறைய. சாலை கடக்கும்போது விளக்கில் தொப்பி போட்ட குட்டி மனிதனை மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். கிழக்கு ஜெர்மனியில் 1961ல் வரைந்த உருவம். ஒன்றிணைந்த பிறகு தூக்கிவிடப் பார்த்தார்கள், மக்கள் போராடி மீட்டார்கள். இப்போது மேற்கிலும் அவன்தான்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம், சைவத்துக்கும்கூட. செவ்வாய், வெள்ளியில் மைபாஹ் கால்வாய்க் கரையில் துருக்கிச் சந்தை. லிஷ்டன்பெர்க்கில் டோங் ஷுவான் என்ற வியட்நாம் சந்தை, கிழக்கு ஜெர்மனி ஒப்பந்தத் தொழிலாளர்களாக வரவழைத்தவர்கள் கட்டியெழுப்பியது. பிரிட்ஸ் பகுதியில் ஈழத்தமிழர்கள் எழுப்பிய மயூரபதி முருகன் கோயில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை போனால் தமிழ் கேட்கும்.

அந்தக் கோயிலில் பழக்கமான ஒரு அண்ணன் எனக்குச் சொன்ன ஒன்றை உங்களுக்கும் சொல்ல வேண்டும். எண்பதுகளில் இலங்கையிலிருந்து ஓடி வந்த தமிழர்கள் பலருக்கு ஐரோப்பாவின் வாசல் கிழக்கு பெர்லின்தான். சோவியத் விமானத்தில் மாஸ்கோ வழியாக ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்குவார்கள். நீங்கள் இறங்கப்போகும் புது நிலையம் அதை ஒட்டித்தான் கட்டப்பட்டிருக்கிறது. கிழக்கு ஜெர்மனி வழிகடக்கும் விசா கொடுத்து ஃப்ரீட்ரிஷ்ட்ராஸே நிலையம்வரை விட்டுவிடும். அங்கிருந்து ரயிலில் அடுத்த நிறுத்தம் மேற்கு. பெர்லினை ஒரே நகரமாகத்தான் மேற்கு ஜெர்மனி பார்த்தது, அதனால் நகரத்துக்குள் எல்லைச் சோதனைச் சாவடி வைக்கவில்லை. சொந்த மக்களைச் சுட்டு நிறுத்திய அதே சுவரில், இவர்களுக்கு மட்டும் ஒரு ரயில் டிக்கெட் விலையில் வழி இருந்தது. 1985ல் மேற்கின் வற்புறுத்தலால் கிழக்கு ஜெர்மனி தமிழர்களுக்கு அந்த வழியை அடைத்தது. இந்த அண்ணன் அதற்கு முந்தின வருடம் வந்தவர். பத்தொன்பது வயது.

"தம்பி, ரெயில் வெளிக்கிட்டு மற்ற ஸ்டேஷன் வந்த பிறகும் நான் சூட்கேசை விடேல்லை" என்றார். "ஆரும் பிடிக்க வரேல்லை எண்டது விளங்கவே கனநேரம் எடுத்தது."

ஃப்ரீட்ரிஷ்ட்ராஸே நிலையத்தை ஒட்டிக் கண்ணாடியால் ஆன சின்னக் கூடம் ஒன்று இருக்கிறது. மேற்கிலிருந்து வந்தவர்களைக் கிழக்கு உறவினர்கள் வழியனுப்பிய இடம் என்பதால் கண்ணீர் மாளிகை என்று பெயர். கட்டணம் இல்லை. பாஸ்போர்ட் சோதித்த குறுகலான மரக் கூண்டு உள்ளே அப்படியே இருக்கிறது, ஒருவர் மட்டும் நிற்கும் அகலம். பார்த்துவிட்டு மேலே நடைமேடைக்கு ஏறி, மேற்கே போகும் ரயிலில் ஒரே ஒரு நிறுத்தம் போங்கள். அந்தக் கோயில் அண்ணன் இறங்கிய சின்ன நிலையம் இப்போது இல்லை, அந்த இடத்தில் 2006ல் திறந்த பெரிய மத்திய நிலையம் நிற்கிறது. பயணம் இரண்டு நிமிடம். ஜன்னலோரம் உட்காருங்கள், ஆறு தெரியும்.